தொப்பிதான் ஆள்

படம் வரைவதைப் பற்றி வானொலியில் பேசுவது வேடிக்கைதான். ஆனால் நான் வரைகிற படம் கட்டைவிரல் நகத்தளவு. கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிடலாம்.

1996-இல் ‘சிவிலைசேஷன் 2’ என்று ஒரு கணினி விளையாட்டு வந்தது. நாடு பிடிக்கிற ஆட்டம். அதன் விதிகள் பெரும்பாலும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். படைகளின் படமெல்லாம் ஒரே படக்கோப்பில். இரண்டையும் திருத்தத் தெரிந்தால், அதே ஆட்டத்தை வேறொரு நூற்றாண்டுக்குக் கொண்டுபோகலாம். நான் 1914-க்குப் போனேன். முதல் உலகப் போர், பிரான்ஸ் எல்லை.

ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கிற இடத்தைக் கோலக் கணக்கில் சொல்வதென்றால் 64 புள்ளி, 48 வரிசை. மொத்தம் 3,072 புள்ளிகள். அதில் ஒரு மூலையை ஆட்டக்காரரின் நிறம் காட்டும் கேடயம் பிடித்துக்கொள்ளும். ஆளைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டும். கடைசியில் தலைக்கு மிஞ்சுவது ஏழெட்டுப் புள்ளி உயரம். நிறமும் 256-க்குள்தான், வீட்டில் இருக்கிற நூலை வைத்துத்தான் தைக்க வேண்டும்.

முதலில் நான் பிரிட்டிஷ் சிப்பாயை எடுத்தேன். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொத்தான், தோட்டாப் பை, காலில் சுற்றும் பட்டி என்று ஒன்றுவிடாமல் வைத்தேன். ஒரு முழு சாயங்காலம். அக்கா மகன் வந்து எட்டிப் பார்த்தான். “மாமா, இது போஸ்ட்மேனா?” என்றான். காக்கி உடுப்பு, தோளில் பை, தலையில் தொப்பி. அவன் கேட்டதில் என்ன தப்பு?

அன்றைக்குத்தான் புரிந்தது. கொலுப்படியில் செட்டியார் பொம்மையை எட்ட நின்றே எப்படி அடையாளம் காண்கிறோம்? வயிற்றையும் உட்கார்ந்திருக்கிற வாகையும் வைத்து. அங்கவஸ்திரத்தின் கரையை யாரும் எண்ணுவதில்லை. இந்தச் சிப்பாய்களுக்கு அந்த வயிறு எதுவென்றால், தொப்பி. ஆளைக் கருநிழலாக நிரப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் எந்த நாட்டுக்காரன் என்று தெரிந்தால் படம் தேறியது. தெரியாவிட்டால் எத்தனை பொத்தான் வைத்தும் வீண்.

ஜெர்மானியருக்கு உச்சியில் கூர் வைத்த தோல் தொப்பி. கூருக்கு இரண்டு புள்ளி போதும், சந்தேகமே வராது. பிரெஞ்சுக்காரருக்குத் தட்டையான உச்சி வைத்த கெப்பி. கூடவே அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சிப்பாயிடம் வரைகிறவனுக்கென்றே செய்த மாதிரி இன்னொன்று இருந்தது: சிவப்புக் கால்சட்டை. மேலே நீண்ட நீலக் கோட்டு. நடக்க வசதியாக அதன் முன்மடிப்புகளைப் பின்னால் திருப்பிப் பொத்தான் போட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நாலைந்து சிவப்புப் புள்ளி வைத்தேன், பிரான்ஸ் எழுந்து நின்றுவிட்டது.

எனக்குச் சுகமாக இருந்தது. அவர்களுக்கு அதுவே வினை. 1829-இலிருந்து போட்டுவந்த சிவப்பு அது. எதிரியின் துப்பாக்கிகள் வெகுதூரம் சுட ஆரம்பித்த பிறகும் விட மனமில்லை. மெஸிமி என்ற போர் அமைச்சர் மங்கலான நிறத்துக்கு மாற்றப் பார்த்தார். சிவப்பைத் தொட்டால் நாட்டையே தொட்ட மாதிரி என்று கூச்சல் எழுந்தது. ஒருவழியாக 1914 ஜூலையில் புதுத் துணிக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த மாதமே போர். துணி நெய்ய ஏது நேரம்? பழைய சிவப்போடுதான் போனார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சிவப்புச் சாயம் அலிசரின். ஒரு காலத்தில் பிரான்ஸின் தெற்கே பயிரிட்ட ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றத் தோண்டியெடுத்த சாயவேரிலும் இருப்பது அதேதான். பிறகு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதை ஆலையில் செய்யக் கற்றுக்கொண்டதும் வேர் விவசாயம் படுத்தது. ஆக, எந்த நாட்டோடு சண்டையோ அந்த நாட்டிலிருந்துதான் கால்சட்டைக்குச் சாயம் வந்துகொண்டிருந்தது. புதுத் துணியை நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று நூலும் கலந்து நெய்வதாகத் திட்டம். போர் வந்ததும் சாயம் நின்றது. சிவப்பை விட்டு நெய்தார்கள். அதுதான் பெயர்பெற்ற அடிவான நீலம்.

இங்கேதான் என் பாடு ஆரம்பம். அடிவான நீலம், ஜெர்மானியரின் பச்சை கலந்த சாம்பல், பிரிட்டிஷாரின் காக்கி — எல்லாமே ஆளை நிலத்தோடு கரைக்க யோசித்து எடுத்த நிறங்கள். ராணுவத் தையல்காரர் மறைக்கப் பார்க்கிறார், நான் காட்டப் பார்க்கிறேன். உள்ளபடி நிறம் கொடுத்தேன். புல்வெளிக் கட்டத்தில் ஒரு ஜெர்மானியப் படையையே காணோம்! கேடயம் மட்டும் தனியாக நிற்கிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ மாதிரி ஆட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு. சட்டையிலேயே ஆட்டக்காரரின் நிறத்தைப் பூசிவிடுவார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. நான் துணியை இரண்டு படி வெளுக்க வைத்து, ஓரத்தில் கறுப்புக்கு ஒரு படி குறைவான கோடு இழுத்தேன். பொய்தான். ஆனால் கண்ணுக்கு உண்மையாகத் தெரிகிற பொய்.

பெரிய படத்தைச் சுருக்கி ஒட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் செய்தேன். பின்னணி மறைவதற்காக அங்கே ஒரு கத்தரிப்பூ நிறம் நிரப்புவது வழக்கம். ஆட்டம் அந்த நிறத்தை மட்டும் காட்டாமல் விட்டுவிடும். படத்தைச் சுருக்கும்போது அந்த நிறம் ஓரத்துப் புள்ளிகளில் கலந்துபோயிற்று. அது வேறு நிறமாகிவிட்டதால் மறையவும் இல்லை. என் படை மொத்தமும் ரோஜா நிற ஜரிகை வைத்துக்கொண்டு போருக்குக் கிளம்பியது. ஓரத்தைப் புள்ளி புள்ளியாகக் கையால் துடைத்தேன்.

அடுத்த தலைவலி வருஷம். 1915-இல் பிரெஞ்சுக்காரருக்கு நடுவே முகடு வைத்த ஏட்ரியன் இரும்புத் தொப்பி வந்தது. பிரிட்டிஷாருக்குக் கவிழ்த்த தட்டு மாதிரி பிராடி தொப்பி. 1916 தொடக்கத்தில் வெர்டன் சண்டையில் ஜெர்மானியரின் கூர் போய், காதையும் பிடரியையும் மூடும் எஃகுத் தொப்பி வந்துவிட்டது. எனவே 1914-க்கு ஒரு வரிசை ஆட்கள், 1916-க்கு இன்னொரு வரிசை. போஸ்ட்மேனும் தட்டைக் கவிழ்த்த பிறகுதான் சிப்பாயானார்.

இந்தியப் படையை விடவில்லை. 1914 இலையுதிர்காலத்தில் லாகூர், மீரட் டிவிஷன்கள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அதிலிருந்த சீக்கியருக்கு உடுப்பு காக்கிதான், ஆனால் தலைப்பாகை இருக்கிறதே! ஏழெட்டுப் புள்ளியில் அதைவிடத் தெளிவான தலை வேறில்லை. ஆசையாக வரைந்து 1916 வரிசையிலும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: 1915 முடிவிலேயே அந்தக் காலாட்படையில் பெரும்பகுதியை மெசபடோமியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரைப்படை மட்டும் பிரான்ஸிலேயே இருந்தது.

அழிக்க மனம் வரவில்லை. தலைப்பாகையை அப்படியே எடுத்துக் குதிரைமேல் வைத்தேன். இப்போது குதிரைக்கு நாலு காலுக்கும் இடம் பற்றவில்லை. மூன்றுதான் போட்டிருக்கிறேன். இதுவரை யாரும் எண்ணவில்லை.