கூரை தரும் குடிநீர்



ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் ஊறித் தங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். அந்நன்னீர் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இயந்திரங்கொண்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும்.

"கிணறு இருக்கத் தொட்டி எதற்கு?" என்று பெரியோர் கேட்கலாம். பசளையினாலும் மலகூடக் குழிகளினாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளதென ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு, கொதிக்கவைத்தாலும் நீங்காது. கூரையில் விழும் மழையிலோ இக்குறை பெரிதும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 50 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 125 மில்லிமீற்றர் பெய்தால், ஐந்திலொன்று வீணானாலும் 5,000 லீற்றர் சேரும். ஐவர் வாழும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் எனக் கொண்டால், ஆறு மாதத்துக்கு 4,500 லீற்றரே வேண்டும்.

செய்யவேண்டியவை எளியவை. மாரிக்கு முன் கூரையையும் பீலியையும் துப்புரவாக்குவோம். முதல் மழை நீரை வெளியே விடுவோம். நுளம்பு புகாமல் தொட்டியை மூடி, வாய்க்கு வலை கட்டுவோம். குடிக்குமுன் கொதிக்கவைப்போம். தொட்டி நிரம்பி வழியும் நீரை ஒழுங்கையில் ஓடவிடாது வளவிலேயே குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குவோம். அது நம் கிணற்றுக்கே திரும்பும்.

2005ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு மழைநீர்ச் சேகரிப்புக்கெனத் தேசியக் கொள்கை வகுத்தது. கொள்கை தாளில் இருந்தால் தாகம் தீராது. வரும் ஐப்பசிக்கு முன், தனித்து வாழும் முதியோர் வீடுகளிலிருந்து தொடங்கி, இளைஞர் நாம் பீலி கட்டுவோம். பெரியோர் வழிகாட்டுவீர்களாக.