ஸ்லீப்பிங் பேக் அப்புறம், முதல்ல பாயைப் பாருங்க

இன்னைக்குப் பேசப் போறது கேம்பிங்ல கீழ விரிச்சுப் படுக்கிற ஸ்லீப்பிங் மேட் பத்தி. ஷூவுக்கும் டென்ட்டுக்கும் பத்து ரிவ்யூ பார்ப்போம், மேட்டை மட்டும் கடைசியா, கண்ணுல பட்டதை எடுத்து கார்ட்ல போட்டுடுவோம். ஆனா ராத்திரி தூங்குறோமா, நடுங்குறோமான்னு முடிவு பண்றதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு.

என் தங்கச்சி ஜனவரியில கேதார்காந்தா ட்ரெக் போறா. உத்தராகண்ட்ல இருக்கு, உச்சி சுமார் 12,500 அடி. அந்த மாசத்துல பெரும்பாலும் பனி மேலதான் டென்ட் போடணும். ராத்திரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ போயிடும். அவ பட்ஜெட் 7,000 ரூபாய். மொத்தத்தையும் ஒரு ஸ்லீப்பிங் பேக்ல போட்டுடலாம்னு இருந்தா. அம்மாவோ, "எதுக்குடி காசு, நம்ம கோரைப்பாயைச் சுருட்டிட்டுப் போ"ன்னாங்க.

அம்மாவோட பாயில இருந்தே ஆரம்பிக்கலாம். கோரைப்பாய் நம்ம ஊர் வெயிலுக்காக வந்தது. காத்து புகும், உடம்புச் சூட்டை வெளிய விடும். மே மாசம் மொட்டை மாடியில அதுக்கு ஈடே இல்லை. பனியில நமக்கு வேண்டியது நேர் எதிரான வேலை: சூடு கீழ இறங்கவே கூடாது.

அதை ஸ்லீப்பிங் பேக் பார்த்துக்காதான்னு தங்கச்சி கேட்டா. பேக்குக்குள்ள இருக்கிற இறகோ பஞ்சோ, காத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் நமக்குக் கதகதப்பு. நாம மேல படுத்ததும் முதுகுக்குக் கீழ இருக்கிற பகுதி நசுங்கிடும், காத்து வெளிய போயிடும். அப்புறம் தரை நேரா சூட்டை உறிஞ்ச ஆரம்பிச்சுடும். ஸ்லீப்பிங் பேக்ல 'மைனஸ் 5'ன்னு போட்டிருக்கே, ஐஎஸ்ஓ 23537 முறையில அதைச் சோதிக்கும்போது பொம்மைக்குக் கீழ ஒரு மேட் விரிச்சுத்தான் சோதிக்கிறாங்க. மேட் சரியில்லைன்னா அந்த நம்பரை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

அதனால மேட் வாங்கும்போது முதல்ல தேட வேண்டியது ஆர்-வேல்யூ. சூடு கீழ போறதை மேட் எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற எண். முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு அளந்தாங்க. 2018-ல ஏஎஸ்டிஎம் எஃப்3340-ன்னு ஒரு பொது முறை வந்தது. அதுக்கப்புறம் ரெண்டு பிராண்டை நேருக்கு நேர் ஒப்பிட முடியுது. தோராயக் கணக்கு இதுதான்: வெதுவெதுப்பான இடத்துக்கு 2-க்குள்ள போதும். கொடைக்கானல், ஊட்டி மாதிரிக் குளிருக்கு 2-ல இருந்து 4. பனின்னா 5-ஐ ஒட்டி, முடிஞ்சா அதுக்கும் மேல.

வகை மூணு. ஃபோம் மேட்: விலை கம்மி, பஞ்சர் ஆகாது, ஆனா தடிமன் கம்மி, நல்லதுலகூட ஆர்-வேல்யூ 2-ஐ ஒட்டித்தான். செல்ஃப்-இன்ஃப்ளேட்டிங்: உள்ள ஃபோமும் காத்தும் சேர்ந்து இருக்கும், சொகுசு, ஆனா கனம். காத்து மேட்: லேசு, சின்னதா மடங்கும், ஆனா முள் குத்தினா போச்சு. காத்து மேட்ல ஒரு எச்சரிக்கை. தடிமனைப் பார்த்து ஏமாறாதீங்க. உள்ள இன்சுலேஷன் இல்லாம வெறும் காத்து மட்டும் இருந்தா, அந்தக் காத்து உள்ளயே சுத்திச் சுத்தி சூட்டைக் கீழ கடத்திடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தா ஊதிப் போடுற ஏர்பெட் மலையில ஜில்லுன்னு இருக்கிறது இதனாலதான்.

இனி நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம். முதல் வருஷத்துல படிச்ச சீரிஸ் ரெசிஸ்டர் ஞாபகம் இருக்கா? ஆர்-வேல்யூவும் அப்படியே கூடும். 2 உள்ள ஃபோம் மேல 3.5 உள்ள காத்து மேட் போட்டா மொத்தம் 5.5. கீழ இருக்கிற ஃபோம், மேல இருக்கிறதை பஞ்சர்ல இருந்தும் காப்பாத்தும். காத்து மேட் நடுராத்திரி புஸ்ஸுன்னு போனாலும் பனி மேல நேரா படுக்க வேண்டியதில்லை.

தங்கச்சிக்கும் இதையேதான் சொன்னேன். ட்ரெக் கூட்டிட்டுப் போறவங்க ஸ்லீப்பிங் பேக் கொடுக்கிறாங்க. மேட் பத்திக் கேட்டா, "ஏதோ ஒண்ணு இருக்கும் மேடம்"னு பதில். அப்போ காசு எங்க போகணும்? மேட்டுக்குத்தான். ஒரு ஃபோம், ஒரு இன்சுலேட்டட் காத்து மேட், ரெண்டும் பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சுடுச்சு.

கடைசியா ரெண்டு டிப்ஸ். ஊதின மேட் குளிர்ல தானா கொஞ்சம் தளரும். உள்ள இருக்கிற காத்து சுருங்குறதுதான் காரணம், பஞ்சர்னு பயப்படாதீங்க. படுக்கிறதுக்கு முன்னாடி ஒருமுறை காத்து ஏத்திக்குங்க. அப்புறம், ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள வீட்டு டைல்ஸ் மேல விரிச்சு அரை மணி நேரம் ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க. இடுப்பெலும்பு தரையில இடிச்சா, அது உங்க மேட் இல்லை. திருப்பிக் கொடுத்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நல்லாத் தூங்குங்க!