கால் முறிந்த மாட்டுக்கு முதலுதவி



அறுவடை முடிந்த வயல்களில் மாடுகளை மேயவிடும்போது, வாய்க்காலிலும் மதகிடுக்கிலும் கால் சிக்கி எலும்பு முறிவதுண்டு. விபத்தினால் நேரும் கேட்டிலும், பதற்றத்தினால் நாம் செய்யுங் கேடு சில வேளைகளிற் பெரிதாகிவிடுகின்றது. ஆகவே, மிருக வைத்தியர் வருமுன் செய்யத்தக்கவற்றைக் கூறுவேன்.

மாடு காலை ஊன்றாது தூக்கி நிற்றல், கால் இயல்புக்கு மாறாக வளைந்திருத்தல், விரைந்து வீங்குதல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் முறிவெனவே கருதுக. மாட்டை நடத்த முயலாதீர்கள். அதனோடு பழகியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்து அமைதிப்படுத்தட்டும். வெயிலாயின் நிழல் அமைத்துக் கொடுங்கள். உடனே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

குருதி ஒழுகினால் தூய துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதனை அகற்றாது, மேலே வேறொன்றை வைத்து அழுத்துங்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளலாகாது. தூய ஈரத்துணியால் மூடிவிடுக. சாணம், சாம்பல், மண்ணெண்ணெய் எதனையும் பூசாதீர்கள். திறந்த காயத்தினால் ஏற்புவலி உண்டாகலாமாதலின், அதனை வைத்தியரிடம் தவறாது கூறுங்கள்.

முன்காலில் முழங்காலுக்குக் கீழோ, பின்காலில் பின்புறமாக முனைத்து நிற்கும் மூட்டுக்குக் கீழோ முறிந்திருந்தால் மாத்திரம் சிலாகை வைத்துக் கட்டலாம். காலை இழுத்து நிமிர்த்தாது, பஞ்சையோ பழந்துணியையோ தடிப்பாகச் சுற்றுங்கள். முறிவுக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுக்களைத் தாண்டி நிற்கும் இரு மூங்கிற் சிலாகைகளை, ஒன்று பின்புறமும் மற்றது வெளிப்புறமுமாக வைத்து, முறிந்த இடத்தின்மேல் முடிச்சு விழாது கட்டுங்கள். கட்டு ஆடவுங் கூடாது, மிக இறுகவுங் கூடாது. இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் அழுகும். முறிவு மேற்காலிலாயின் கட்டாது விடுக. அங்கு சிலாகை மேல்மூட்டைப் பிடிக்காது, ஊசல்போல் ஆடி முறிவை மோசமாக்கும்.

மாடு பக்கவாட்டிற் சாய்ந்து கிடந்தால் வயிறு ஊதி மூச்சடைக்கும். நெஞ்சு நிலத்திற் படியுமாறு படுக்கவைத்து, வைக்கோல் நிரப்பிய சாக்குகளை அணைகொடுங்கள். மனிதருக்குரிய வலிக்குளிசைகளைக் கொடாதீர்கள்.

கால் முறிந்தால் இறைச்சிக்குத்தான் என்று அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ஆடுகளும் கன்றுகளும் பாரங் குறைந்தவையாதலின், முறையான சிகிச்சையாற் பெரும்பாலும் குணமடையும். வளர்ந்த மாடுகளிலும் கீழ்க்கால் முறிவுகள் பல பொருந்துவதுண்டு. அதனைத் தீர்மானிப்பவர் வைத்தியராக இருக்கட்டும். அவர் வரும்வரை முறிவு பெருகாது காப்பதே உங்கள் கடமையாகும்.