வயதும் எடையும் லைசென்சும்



பட்டர்வொர்த்திலிருந்து கூலிம் போகும் சாலையில் ஓடும் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கதவிலோ பக்கப் பலகையிலோ இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவற்றை உரக்கப் படிப்பார்கள். ஆனால் அந்த எண்களுக்கும் நம் சட்டைப் பையில் இருக்கும் லைசென்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பெரியவர்களில் பலருக்கே பதில் தெரிவதில்லை.

அந்த இரண்டில் ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது சுமை இல்லாத வெறும் வண்டியின் எடை. மற்றது 'பெராட் டெங்கான் முவாத்தான்', அதாவது சுமையோடு சேர்ந்த எடை. சுருக்க எழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி.டி.எம்.' என்றே ஒலிக்கும். ஆகவே மலாய்ச் சொற்களையே முழுமையாகச் சொல்கிறேன். நம் நாட்டில் எந்த வண்டிக்கு எந்த லைசென்ஸ் என்று பிரிப்பதற்குப் பெரும்பாலும் முதலாவது எடையைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது ஒரு குடும்பத்தை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டினார். அறுபது வயதில் ஓய்வு பெற்றார். சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. "காலம் முழுவதும் ஸ்டியரிங் பிடித்த கை, சும்மா இருக்குமா?" என்று ஒரு பழைய வேனை வாங்க நினைக்கிறார். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போகலாம். சுங்கைப் பட்டாணியில் சம்பந்தி வீட்டுக்குப் போகலாம். இது நியாயமான ஆசைதான்.

ஆனால் அவரிடம் இருப்பது எந்த லைசென்ஸ்? சக்கரம் உள்ள இலகு ரக டிராக்டருக்கு 'எஃப்' என்ற வகுப்பு. ஐயாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கனமான டிராக்டருக்கு 'எச்'. கார், வேன் ஓட்டுவதற்கு வேண்டியது 'டி' வகுப்பு. டிராக்டரை மலைச்சரிவில் ஏற்றி இறக்கிய திறமைசாலியாக இருந்தாலும், 'டி' இல்லாமல் காரோ வேனோ சாலையில் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அவர் லைசென்ஸ் இல்லாதவரே. 1988 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அபராதம் 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளி வரை போகலாம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

அதே பிரிவில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்டவரும் குற்றவாளி. வேன் மகன் பெயரில் இருந்து, "அப்பா, நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள்" என்று அவன் சாவியைக் கொடுத்திருந்தால், வழக்கு மகனையும் தேடி வரும். விபத்து நேர்ந்தால் வண்டிக்கான நஷ்ட ஈட்டைக் காப்புறுதி நிறுவனம் மறுக்கவும் கூடும். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

'டி' வகுப்பு, சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளுக்கு உரியது. அதற்கு மேலே 5,000 கிலோ வரை 'இ2', 7,500 கிலோ வரை 'இ1', அதையும் தாண்டினால் 'இ'. நாம் சாதாரணமாகப் பார்க்கும் குடும்ப வேன் எல்லாம் 3,500 கிலோவுக்கு வெகு கீழே. பெரிய லோரி, பஸ் என்று வரும்போதுதான் எல்லை நெருங்கும். சரக்கு லோரி ஓட்டுவதைத் தொழிலாகச் செய்பவருக்கு ஜி.டி.எல். என்ற தொழில் லைசென்சும் வேண்டும். அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் பரிசோதித்து எழுதிய படிவமும் கேட்பார்கள்.

இங்கே இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014ஆம் ஆண்டு முதல் 'டிஏ' என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அது ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டும். பெரியவருக்குப் பாதி வழியில் தலை சுற்றுகிறது, "நான் ஓட்டுகிறேன் அப்பா" என்று 'டிஏ' வைத்திருக்கும் மகள் முன்வந்தால், அந்தப் பழைய வேன் கையால் கியர் மாற்றும் வண்டியாக இருக்கும்போது அவள் அதை ஓட்டக்கூடாது. நீண்ட பயணம் புறப்படுமுன் யாரிடம் எந்த வகுப்பு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக் கொள்வது நல்லது.

இப்போது வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, 'மோட்டார்ஹோம்' என்று ஊர் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். சக்கரம் வைத்த வீடு! ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் தனி ஆசை. ஆனால் வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜே.பி.ஜே.யின் அனுமதி பெற வேண்டும். ஆணி அடித்துப் பலகை ஏற்றப் ஏற்ற வெறும் வண்டியின் எடையும் கூடிக்கொண்டே போகும் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த மோட்டார்ஹோம் விஷயத்தில் பிரிட்டனில் நடப்பது நமக்கும் ஒரு பாடம். அங்கே சுமையோடு சேர்ந்த உச்ச எடையைத்தான் கணக்கிடுகிறார்கள். 1997 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு கார் சோதனையில் தேறியவர்கள் 7,500 கிலோ வண்டி வரை ஓட்டலாம். அதற்குப் பின் தேறியவர்களுக்குப் பொதுவாக 3,500 கிலோதான். முன்னவர்களுக்கும் அந்தச் சலுகை சாகும்வரை நீடிப்பதில்லை. எழுபது வயதில் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும்; பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. சாதாரணக் காருக்கு 'நான் நலமாக இருக்கிறேன்' என்று தாமே எழுதிக் கொடுத்தால் போதும். கனமான வண்டி ஓட்டும் உரிமையைக் காப்பாற்ற வேண்டுமானால் டாக்டரிடம் போயாக வேண்டும். எழுபதாவது பிறந்தநாளில், ஆசையாக வாங்கிய பெரிய வண்டியை என்ன செய்வது என்று அங்கே பலர் யோசிக்க நேர்கிறது.

ஜப்பானில் எழுபதைக் கடந்தவர் தனி வகுப்பில் உட்கார வேண்டும். எழுபத்தைந்துக்கு மேல் நினைவாற்றல் சோதனையும் உண்டு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் லைசென்சை ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் புதுப்பிப்பார்கள்.

நம் சட்டத்திலோ சொந்தக் கார் ஓட்ட உச்ச வயது என்று ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டினால் பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோயோ ஊனமோ உண்டா என்று விண்ணப்பிப்பவரே சொல்ல வேண்டும் என்கிறது 30ஆவது பிரிவு. அப்படி ஒரு நோய் இருப்பது தெரிந்தால் லைசென்சை மறுக்கவோ ரத்துச் செய்யவோ இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டியவர் நாம்தான். வேறு நாட்டில் டாக்டரும் அதிகாரியும் செய்யும் வேலையை இங்கே பெரியவரும் அவர் குடும்பமும் செய்ய வேண்டியிருக்கிறது.

எதைக் கவனிப்பது? முதலாவது கண். கண்ணில் புரை விழுந்தவருக்குப் பகலில் ஓரளவு தெரியும். இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டதும் எல்லாம் வெள்ளையாகப் போய்விடும். கண் அழுத்த நோய் இதைவிடப் பொல்லாதது. நேரே நன்றாகத் தெரியும். பக்கப் பார்வை மட்டும் மெல்ல மெல்லச் சுருங்கும். பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணுக்கே படாது. புரையை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. மேலும் போகாமல் தடுக்கத்தான் முடியும்.

அடுத்தது இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, பசியாறாமல் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடுமாறும். நீரிழிவு உள்ளவர் ஓட்டவே கூடாது என்பதில்லை. சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். மிட்டாயோ இனிப்புப் பானமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தடுமாற்றம் தோன்றியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

ஓரங்கட்டுவது என்றதும் பினாங்குப் பாலம் ஞாபகத்துக்கு வருகிறது. முன்பெல்லாம் பட்டர்வொர்த்தில் வண்டியைப் பெர்ரியில் ஏற்றிவிட்டு, காற்று வாங்கிக்கொண்டே அக்கரை போகலாம். கார்களை ஏற்றும் அந்தச் சேவை 2020ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது. இன்றைய பெர்ரியில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் போகலாம். காரும் வேனும் பாலத்தில்தான் போக வேண்டும். 1985இல் திறந்த பாலம் 13.5 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து போகும், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். நடுக்கடலில் மழை பிடித்துக்கொண்டால் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. எழுபதைத் தாண்டியவர் இரவில் பாலம் ஏறாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பகலில் போய்ப் பகலில் வரட்டும். இல்லாவிட்டால் வண்டியைக் கரையில் விட்டுவிட்டுப் பெர்ரியில் போகட்டும்.

கடைசியாக, தேதி. லைசென்ஸ் முடிந்து மூன்று ஆண்டுக்குள் என்றால் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக் கொள்ளலாம். மூன்று ஆண்டு கடந்துவிட்டால், பொதுவாக, புதிதாகப் படிக்கும் பிள்ளைகளைப்போல் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். கம்பியூட்டர் முன் உட்கார்ந்து 50 கேள்விகளில் 42க்குச் சரியாகப் பதில் சொல்லி, பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். அறுபத்தெட்டு வயதில் இது லேசான காரியமா? நோய்வாய்ப்பட்டு நாலைந்து ஆண்டு வண்டியைத் தொடாதவர்கள் இப்படித்தான் லைசென்சை இழக்கிறார்கள். இப்போது ஓட்டாவிட்டாலும் தேதியைக் கவனியுங்கள்.

'டி' வகுப்புக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி. பத்து ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டலாம். ஆனால் எழுபதைத் தொட்டவர் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்றே புதுப்பிக்கட்டும். செலவு கூடப் போவதில்லை. ஒவ்வொரு முறை கட்டணம் கட்டப் போகும்போதும், "கண் எப்படி இருக்கிறது அப்பா?" என்று வீட்டில் கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். சும்மா இருக்கும் நாளில் கேட்டால் பெரியவருக்குக் கோபம் வரும்!

செபராங் ஜெயாவில் உள்ள ஜே.பி.ஜே. அலுவலகத்திலோ தபால் நிலையத்திலோ புதுப்பிக்கலாம். கைப்பேசியில் 'மைஜேபிஜே' செயலியிலும் செய்யலாம். போகும்போது அடையாள அட்டையையும் பழைய லைசென்சையும் எடுத்துச் செல்லுங்கள். வண்டி வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன், வாகனப் பதிவு அட்டையை, நாம் 'கெரான்' என்கிறோமே, அதை வாங்கிப் பாருங்கள். எந்த வகை வண்டி, என்ன எடை என்று பார்த்து, உங்கள் லைசென்சில் இருக்கும் எழுத்தோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஜே.பி.ஜே. முகப்பில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.