வாங்குகிறவர் கையைப் பாருங்கள்



காவிரிக் கடைமடையிலே, அரசலாறு கடலில் கலக்கிற இந்தக் காரைக்கால் பகுதியிலே வானொலிக்கும் உழவருக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் பழைய தஞ்சை மாவட்டம் முழுக்கப் பரவியது. திருச்சி வானொலி அந்த நெல்லைப் பற்றி விடாமல் சொன்னதால் ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நாட்டிலே அரிசிப் பஞ்சம். ரேஷன் கடையில் எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு போகிற காலம். ஆகவே வானொலியிடம் உழவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மாவுக்கு எத்தனை மூட்டை காணும்?"

இன்றைக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது. கடையில் போய்ப் பாருங்க. அரிசியிலே இருபது தினுசு, பருப்பிலே பத்து தினுசு அடுக்கி வைத்திருக்கிறான். வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். அவர் எதை எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று தெரிந்தவன் கையில்தான் விலை இருக்கிறது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று பழமொழி சொல்கிறோம். அந்த உழக்கு எங்கே போகிறது என்பதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

பட்டணத்தில் இதற்கு 'டிசைன்' என்று ஒரு பேர் சொல்வாங்க. தமிழில் வடிவமைப்பு. டிசைன் என்றதும் சேலைக் கரையும் கோலமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அது அழகு. வடிவமைப்பு என்பது அதைவிடப் பெரிய சங்கதி. ஒரு பொருளை யார் கை பிடிக்கப் போகிறது, அந்தக் கைக்கு அது ஒத்து வருமா என்று முன்கூட்டியே யோசித்துச் செய்வதுதான் வடிவமைப்பு.

இதற்கு நம்ம வீட்டுச் சொம்பே சாட்சி. 1950களின் பிற்பகுதியில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை இந்திய அரசாங்கம் அழைத்தது. இந்தியத் தொழில்களுக்கு வடிவமைப்புக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று அறிக்கை தரச் சொன்னது. அவர்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாங்கள் பார்த்ததிலே மிகச் சிறந்த பொருள்களில் ஒன்று என்று புகழ்ந்து எழுதியது எதைத் தெரியுமா? தண்ணீர் மொள்ளுகிற சொம்பை! எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் நழுவாமல் நிற்குமா, சாய்த்தால் சிந்தாமல் ஊற்றுமா, உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். இதை ஒருத்தர் உட்கார்ந்து செய்துவிடவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்தி வந்தது என்றும் சொன்னார்கள். அந்த அறிக்கையை அடியொற்றித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஏற்பட்டது. ஆக, வடிவமைப்பு நமக்குப் புதுசு இல்லை. நம்ம பாட்டன் பாட்டி செய்துகொண்டிருந்த வேலைதான்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். நமக்கு வடக்கே, இதே கடலோரத்தில், கடலூர் இருக்கிறது. அங்கே சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர் சிறிய அளவில் தொழில் நடத்தி வந்தார். ஷாம்பு என்றால் அந்தக் காலத்தில் பாட்டிலில் வரும், பணக்காரர் வீட்டுக் குளியலறையில் இருக்கும். தினக்கூலி வாங்குகிறவர் பாட்டில் விலைக்கு எங்கே போவார்? ஆனால் கூலி வாங்கின அன்றைக்கு, ஒரு தலைக்குக் காணுகிற அளவு மட்டும் கிடைத்தால் அவரும் வாங்குவார் இல்லையா? இந்த யோசனையில் பிறந்ததுதான் சாஷே என்கிற சின்னப் பொட்டலம். ஷாம்பு அதே ஷாம்புதான். மாறியது அளவும் உறையும்.

அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல், 15,000 ரூபாய் முதல் போட்டு, 'சிக்' என்ற பேரில் சொந்தமாக ஷாம்பு போட ஆரம்பித்தார். தகப்பனார் பேரின் முதல் எழுத்துகளிலிருந்து எடுத்த பேர் அது. ஷாம்புவே அறியாத கிராமங்களுக்கு அவர் ஆட்களை அனுப்பினார். அவர்கள் ஊர்ப் பொடியன்களை உட்கார வைத்து, எல்லோர் கண்ணெதிரிலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். கூட்டத்தைக் கூப்பிட்டு, "முடியைத் தொட்டுப் பாருங்க" என்றார்கள். ஐந்து வெற்று உறை கொண்டுவந்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்றார்கள். நம்ம பெண்களுக்கு மல்லிகையும் ரோஜாவும் பிடிக்கும் என்று தெரிந்து அந்த வாசனையைச் சேர்த்தார்கள். பிறகு விலையை 50 காசுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் பின்னால் அதே வழிக்கு வந்தன. அந்தச் சின்ன நிறுவனம்தான் பிற்பாடு கெவின்கேர் ஆயிற்று.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேணும். வாங்குகிறவர் பையில் அன்றைக்கு எவ்வளவு காசு இருக்கும், அவர் வீட்டில் பாட்டில் வைக்க இடம் உண்டா, அவருக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று பார்த்தவர் ஜெயித்தார். நாம் நெல்லையும் உளுந்தையும் மூட்டையாகக் கட்டி வியாபாரி வண்டியில் ஏற்றுகிறோம். அதைச் சாப்பிடப் போவது யார் என்று நமக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் விலை சொல்லுகிற வாய் நம்முடையது ஆகாது.

சாஷே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த உறை பல அடுக்கு ஒட்டிய பிளாஸ்டிக். மறுபடி உருக்கிப் பயன்படுத்துவது கஷ்டம். காசு கொடுத்துப் பொறுக்கவும் ஆள் வருவதில்லை. காற்றில் பறந்து வடிகாலில் விழுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கடைமடைக்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றே அழுகும். ஷாம்பு போட்டவர்கள் வாங்குகிற கை வரைக்கும் யோசித்தார்கள். தூக்கி எறிகிற கை வரைக்கும் யோசிக்கவில்லை. நல்ல வடிவமைப்பு கடைசி வரைக்கும் யோசிக்கும். நாம் ஏதாவது பொட்டலம் போட்டால் இதை மறக்கக் கூடாது.

சரி, நம்ம ஊரில் இதை எப்படிச் செய்வது?

திருநள்ளாறு நம்ம பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் வெளியூர் ஜனம் வருகிறது. இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் குளித்து, சாமி தரிசனம் செய்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். ஊருக்குப் போகையில் ஏதாவது வாங்கிப் போக வேணும் என்று அவர்களுக்கும் ஆசை இருக்கிறது. வீட்டு வாசலுக்கே வருகிற சந்தை இது.

நம்மிடம் என்ன இருக்கிறது? சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிரிலேயே உளுந்து தெளிக்கிறோம். ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் பனி ஈரத்திலேயே வளர்ந்து விளைச்சல் கொடுக்கின்றன. அந்த உளுந்தை வைத்தே பார்ப்போம்.

பஸ்ஸில் வந்த ஓர் அம்மாளை நினைத்துக்கொள்ளுங்க. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் ஈரத்துணிப் பை. அவரிடம் ஐந்து கிலோ மூட்டையைக் காட்டினால் வாங்குவாரா? அரைக் கிலோ என்றால் வாங்குவார். பை கிழியாமல் இருக்க வேணும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேணும். வெறும் 'உளுந்து' என்று எழுதினால் அவர் ஊர்க் கடையிலும் அது கிடைக்கும். "உளுந்தங்களிக்குத் தோல் உளுந்து மாவு" என்று எழுதி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எவ்வளவு சேர்க்க வேணும், எப்படிக் கிளற வேணும் என்று பின்பக்கம் நாலு வரி அச்சடித்துப் பாருங்க. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு, பிள்ளை பெற்றவள் இருக்கிற வீடு அதைத் தேடி வாங்கும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக அவர்கள் எழுத்திலும் ஒரு வரி இருக்கட்டும்.

பாரம்பரிய நெல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2018இல் காலமாகும் வரைக்கும் பாடுபட்டு விதைத் திருவிழா நடத்தியதால் மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்கள் பலர் வயலுக்குத் திரும்பி வந்தன. ஆனால் அந்த அரிசி வேக நேரம் ஆகும். காலையில் வேலைக்கு ஓடுகிற வீட்டில் அடுப்புக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அருமை தெரியவில்லை" என்று கோபித்துக்கொண்டு பயன் இல்லை. அதே அரிசியை அவலாக இடித்துக் கொடுத்தால் ஊறவைத்துச் சாப்பிடலாம். கஞ்சி மாவாகத் திரித்துக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் காய்ச்சலாம். நெல் மாறவில்லை. அடுப்படிக்கு ஏற்றபடி உருவம் மாறியது, அவ்வளவுதான்.

இதில் இறங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, எடுத்த எடுப்பில் கடன் வாங்கி மெஷின் வாங்காதீங்க. விளைந்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இதற்கு ஒதுக்குங்க. மீதி வழக்கம்போல் போகட்டும். முதலில் இருபது பொட்டலம் போட்டால் போதும்.

இரண்டாவது, அந்த இருபதை ஐந்தாறு வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்க. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீங்க. மரியாதைக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பொட்டலத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்க. பல்லால் கடிக்கிறார்களா, பிரித்தபோது சிந்தியதா, மிச்சத்தை எதில் கொட்டி வைக்கிறார்கள், இரண்டாம் தடவை காசு கொடுத்துக் கேட்டார்களா? கண்ணால் பார்த்ததுதான் பாடம். அதன்படி திருத்துங்க, மறுபடி பாருங்க. சொம்பு அப்படித்தான் சொம்பு ஆனது.

மூன்றாவது, உறை நன்றாக இருந்து உள்ளே வண்டு இருந்தால் அந்த வாடிக்கை அன்றோடு சரி. உளுந்தை ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் வருகிற மாதிரி நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, பிறகே கட்ட வேணும். வடிவமைப்பு களத்துமேட்டிலேயே ஆரம்பமாகிறது.

நான்காவது, கணக்கு. 100 கிலோ முழு உளுந்தை உடைத்தால் 70, 75 கிலோ பருப்புதான் தேறும். மீதி தோலும் நொய்யும் மாட்டுக்குத் தீனி. உடைகூலி, பை, அச்சு, வண்டிச் சத்தம், வீட்டுப் பெண்களின் உழைப்பு, விற்காமல் நின்றுபோன பொட்டலம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை போட வேணும். பெண்கள் உழைப்பைக் கணக்கில் விட்டுவிட்டு லாபம் என்று சொன்னால் அது லாபம் ஆகாது.

ஐந்தாவது, சட்டம். உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பேர், விலாசம், நிகர எடை, கட்டிய மாதம், எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேணும். இதைத் தொந்தரவாக நினைக்காதீங்க. விலாசம் போட்ட பொருளை நம்பி வாங்குவார்கள், மறுபடியும் தேடி வருவார்கள்.

தனி ஒருவரால் இத்தனையும் ஆகாது. நாலு வீடு சேர்ந்து, அல்லது மகளிர் சுய உதவிக் குழுவாகச் செய்தால் பாரம் குறையும். மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செருமாவிலங்கையில் 1987இல் ஏற்பட்ட பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்த தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சாவூரில் இருக்கிறது. கூச்சப்படாமல் போய்க் கேளுங்க.

இதனால் எல்லோரும் ஒரே வருஷத்தில் பணக்காரர் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நெல்லில் பெரும்பங்கு மூட்டையாகத்தான் போகும். தண்ணீர் வந்தால்தான் விளையும், மழை கெடுத்தால் போகும். அது மாறப்போவதில்லை. ஆனால் படித்த பிள்ளைகள் வயலை விட்டு வெளியூர் போகிற இந்த நாளில், அவர்கள் படிப்புக்கும் இங்கே வேலை உண்டு என்று காட்ட இது ஒரு வழி. பொட்டலத்துக்குப் பேர் யோசிக்க, எழுத்து வரைய, வாங்குகிறவரிடம் பேச அவர்களை விடுங்க. யோசிக்கிற வேலையையும் உழவு வேலையாகவே மதியுங்க.

அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது பத்து நிமிஷம் ஓரமாக நின்று, ஒருவர் எந்தப் பருப்பை எடுக்கிறார், எதைத் திரும்ப வைக்கிறார் என்று பாருங்க. பார்த்ததை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பேசுங்க. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.