வினாவும் மறுமொழியும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

'தத்துவமும் உரையாடலும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழித்து வருகிறோம். கல்லூரிப் படிப்பு நமக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணித் துணிவு கொண்டோம். தத்துவம் பட்டம் பெற்றவர்களின் அறையில் பிறந்ததன்று. ஒருவர் கேட்க, மற்றொருவர் மறுமொழி கூற, அந்தப் பேச்சிலே பிறந்தது அது. கேட்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை அல்லவா?

நூல்களுக்குள் புகுமுன் நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அது நமக்குப் பெருமை தருவதன்று. நம் தாயார் காலமான ஆண்டு, ஓர் இரவு உணவு வேளையில், பதினான்கு வயது நிரம்பிய நம் மகன், "அப்பா, பாட்டி இப்போது எங்கே இருப்பாள்?" என்று கேட்டான். வேலைக் களைப்போடு வந்திருந்த நாம், "சாப்பிடும்போது என்ன பேச்சு இது?" என்றோம். அவன் மீண்டும் கேட்டான். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றோம். மூன்றாம் முறை கேட்டபோது, "எழுந்து போ" என்று சினந்தோம். அவன் எழுந்து போனான். அன்று முதல் நம்மிடம் அவன் எதையும் கேட்பதில்லை. பள்ளிக் கட்டணமானாலும் கையெழுத்தானாலும் தாய் மூலமாகவே செய்தி வரும். தெருவில் தோழர்களோடு இந்தியில் அருவிபோலப் பேசுகிறவன், வீட்டில் "சரி", "வேண்டாம்" என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களோடு நிறுத்திக்கொண்டான். அவனளவில் தமிழ் என்பது உத்தரவு கேட்கும் மொழியாகிவிட்டது.

சில மாதங்களுக்குப் பின், நம் சங்க நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற உபநிடதத் தமிழுரையில் கடோபநிடதத்தைப் படித்தோம். படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அக்கதையை அறியாத இளைஞர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுவோம். ஒரு தந்தை வேள்வி செய்து, தம் உடைமைகளைத் தானமாக அளிக்கிறார். அவற்றில் பால் வற்றிய கிழப் பசுக்களும் இருக்கின்றன. இது முறையன்றே என்று மனம் வருந்திய மகன் நசிகேதன், "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்?" என்று வினவுகிறான். தந்தை வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மகன் கேட்கிறான். "உன்னை எமனுக்குக் கொடுத்தேன்!" என்று தந்தை சீறுகிறார். மகன் எமனுடைய இல்லத்திற்கே போய்விடுகிறான். எமன் அங்கில்லை. மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன் விருந்தினனைக் காக்க வைத்ததற்கு வருந்தி, மூன்று வரங்கள் தருகிறான்.

மூன்றாவது வரத்தையே எல்லாரும் எடுத்துப் பேசுவர். இறந்த பின் மனிதன் இருக்கிறானா, இல்லையா என்பது அவ்வினா. பொன்னும் யானையும் நீண்ட ஆயுளும் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்று எமனே மன்றாடுகிறான், சிறுவன் அசையவில்லை. பின்னர்தான் உபதேசம் தொடங்குகிறது. நம் மனத்தைத் தைத்ததோ முதல் வரம். நசிகேதன் முதன்முதலாக வேண்டியது, தன் தந்தையின் சினம் தணிய வேண்டும், தான் திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை இனங்கண்டு முகமலர்ந்து பேச வேண்டும் என்பதே. ஆன்மாவைப்பற்றிய கேள்விக்கு முன்னால், தந்தை பேசவேண்டும் என்ற கேள்வி நிற்கிறது! பெற்ற தந்தை மறுமொழி தரவில்லை. கூற்றுவன் உட்காரவைத்துப் பேசினான். நம் வீட்டிலும் மூன்று முறை கேட்கப்பட்டது என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

இனி மேலை நாட்டிற்குச் செல்வோம். கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் வாழ்ந்த சாக்ரடீஸ் ஒரு நூலும் எழுதவில்லை. கடைத்தெருவிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் கண்டவர்களோடு பேசினார். "வீரம் என்பது என்ன? நட்பு என்பது என்ன?" என்று கேட்டுக் கேட்டே அறிவைத் துலக்கினார். மருத்துவச்சியாகிய தம் தாயைப்போலத் தாமும் பிறருடைய கருத்துகள் பிறக்க உதவுபவரே என்று அவர் கூறிக்கொண்டதாகப் பிளேட்டோ எழுதுகிறார். இளைஞர்களைக் கெடுத்தார், நகரத்தார் போற்றும் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி, கி.மு. 399இல் அவருக்கு நஞ்சு கொடுத்தனர்.

அவருடைய மாணவராகிய பிளேட்டோ எழுதிய நூல்கள் ஏறத்தாழ அனைத்தும் உரையாடல்களே. ஏன் அப்படி எழுதினார்? எழுத்தைப்பற்றி அவருக்கே ஓர் ஐயம் இருந்தது. 'பீட்ரஸ்' என்னும் நூலில் சாக்ரடீஸின் வாயிலாக அதைச் சொல்கிறார். எழுத்து ஓவியத்தைப் போன்றதாம். உயிருள்ளதுபோல் நிற்கும், ஆனால் ஒன்று கேட்டால் வாய் திறவாது. அத்தகைய எழுத்துக்குள் இரண்டாவது குரல் ஒன்றைக் குடியேற்றிவிட்டால், படிப்பவர் கேட்க எண்ணிய கேள்வியை நூலுக்குள் இருப்பவரே கேட்டுவிடுவார். இவ்வாறு தத்துவம் இலக்கியத்தின் கையைப் பற்றிக்கொண்டது. தம் இலட்சிய நாட்டில் கவிஞர்களுக்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தவர் பிளேட்டோ. அவரே பாத்திரங்களையும் காட்சிகளையும் நம்பித்தான் தம் தத்துவத்தை எழுதினார்.

சாக்ரடீஸின் கடைசி நாளைக் கூறும் 'பீடோ' என்ற நூலைப் பாருங்கள். அன்று பிளேட்டோ உடல்நலமின்றி அங்கு வரவில்லை என்று அந்நூலே கூறுகிறது. சிறையிலே விலங்கு கழற்றப்பட்ட காலைத் தேய்த்துக்கொண்டே சாக்ரடீஸ் பேசத் தொடங்குகிறார். ஆன்மா அழியாது என்று அவர் காரணம் காட்டுகையில், சிம்மியாஸ், செபிஸ் என்னும் இரு நண்பர்கள் தமக்குள் மெல்லப் பேசிக்கொள்கின்றனர். சாகப்போகிறவரிடம் மறுத்துப் பேசலாமா என்பது அவர்கள் தயக்கம். அவரோ, மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று வற்புறுத்துகிறார். அவர்கள் எழுப்பிய தடைகள் வலியவை, கேட்டிருந்தோர் கலங்கிவிட்டனர். அவ்வேளையில், அருகில் இருந்த பீடோவின் தலைமுடியை வருடியபடி, மனிதரை வெறுப்பது போல வாதத்தை வெறுக்கும் நிலைக்கு நாம் ஆளாகிவிடக் கூடாது என்கிறார். அந்த இளைஞர்களின் மறுப்பை எவ்வளவு இன்முகத்தோடு அவர் ஏற்றார் என்பதே தன்னை வியக்கவைத்தது என்று பின்னாளில் பீடோ நினைவுகூர்கிறான்.

பெரியோர்களே! அந்தி சாய்ந்தால் நஞ்சு அருந்த வேண்டிய ஒருவருக்கு அவ்வளவு பொறுமை இருந்தது. ஒரு நாள் அலுவலகக் களைப்பு நமக்கு அதைப் பறித்துவிட்டது.

உரையாடல் என்று பெயர் பெற்றவை யாவும் உரையாடல் ஆகா. பிளேட்டோவின் நூல்கள் சிலவற்றில் எதிரில் இருப்பவர் பக்கம் பக்கமாக "ஆம்", "உண்மை", "அப்படியே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போவார். அலுவலகத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் "ஆம் ஐயா" போன்றது அது. அங்கே இரண்டு வாய்கள் இருக்கும், குரல் ஒன்றே.

மெய்யான உரையாடலுக்கு என்ன வேண்டும்? பாலி மொழியிலுள்ள 'மிலிந்த பஞ்ஹ' என்னும் பௌத்த நூல் அழகாகக் கூறுகிறது. மிலிந்தன் என்பவன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கில் ஆண்ட மினாந்தர் என்னும் கிரேக்க மன்னன். அவன் நாகசேனர் என்ற துறவியை வாதத்துக்கு அழைக்கிறான். அறிஞரைப் போல் வாதிப்பதானால் வருகிறேன், அரசரைப் போல் என்றால் வரமாட்டேன் என்கிறார் அவர். அறிஞர் வாதத்தில் மடக்கப்பட்டாலும் சினங்கொள்ளார். அரசரோ தம்மை மறுத்தவனுக்குத் தண்டனை விதிப்பர் என்பது அவர் தந்த விளக்கம். மன்னன் அறிஞர் வழிக்கு இசைகிறான். நாம் மகுடம் சூடியவர் அல்லர். ஆயினும் நம் வீட்டு உணவுக் கூடத்தில் அரசரைப் போலத்தான் வாதித்திருக்கிறோம்.

நம் தமிழும் இதனை அறியாததன்று. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும்போதே, வாதிட வல்லோரைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறார்கள். பின்னர் மணிமேகலை வஞ்சி நகரில் மாதவன் வடிவு கொண்டு, பல சமயவாதிகளிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சாத்தனார் பௌத்தத்தின் பக்கம் நிற்பவர். அப்படியிருந்தும் ஏனையோர் தத்தம் கொள்கையைத் தம் வாயாலேயே எடுத்துரைக்க ஒரு காதை முழுவதையும் ஒதுக்கினார்.

மற்றொரு செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி ஒரு பௌத்த நூல். அதனை மறுக்கவே சமணர் நீலகேசி என்னும் நூலை இயற்றினர். காலப்போக்கில் குண்டலகேசி மறைந்துபோயிற்று. சில பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. அதன் கருத்துகளைப்பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி, அதனை மறுத்த நீலகேசியாலும் அதன் உரையாலும் அறிவதே. எதிரியின் சொல்லை மறைக்காமல் எடுத்துக் கூறி மறுத்ததனால், எதிரியின் நினைவையும் காத்தவர் ஆனார்கள். மறுமொழி கூறுவது மதிப்பதன் ஒரு வகை. மறுமொழியே கூறாமல் விட்டிருந்தால் அந்நூலின் அடையாளமும் மிஞ்சியிராது.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பிறந்த மண்ணை விட்டு வந்து காலனியில் வாழும் நாம், பிள்ளைகள் தமிழை மறக்கிறார்களே என்று ஆண்டுதோறும் இம்மேடையில் வருந்துகிறோம். அரிச்சுவடி வாங்கித் தருகிறோம். செய்யுள் ஒப்பிக்கப் பரிசு தருகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் பிள்ளைக்கு ஐயம் தோன்றும்போது எந்த மொழியில் மறுமொழி கிடைக்கிறதோ, அந்த மொழியில்தான் அவன் சிந்திப்பான். உத்தரவுக்கு மட்டும் பயன்படும் மொழியை எந்தப் பிள்ளை தன் மொழியாகக் கொள்ளும்?

நம் வீட்டுக் கதையின் மிச்சத்தையும் கூறிவிடுகிறோம். கடோபநிடதம் படித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மகனை அழைத்துக்கொண்டு ரயில்வே மைதானம் வரை நடந்தோம். "அன்று நீ பாட்டியைப்பற்றிக் கேட்டாயே, அதற்கு விடை எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் கோபம் வந்தது. நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. நாமும் அவசரப்படுத்தவில்லை. திரும்பும் வழியில், "எனக்கும் தெரியாது அப்பா. ஆனால் சமையலறையில் இருக்கிறாள் என்றுதான் சில சமயம் தோன்றும்" என்றான். பாதி தமிழ், பாதி இந்தி. நாம் திருத்தவில்லை. பின்னர் அவன் மேலும் ஏதோ கேட்டான். அதற்கும் நமக்கு விடை தெரியவில்லை. பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

எனவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலை, இதே கூடத்தில், பிள்ளைகள் கேட்கவும் பெரியவர்கள் அமர்ந்து மறுமொழி கூறவும் ஏற்பாடு செய்யலாம். 'தெரியாது' என்பதையும் ஒரு மறுமொழியாக ஏற்றுக்கொள்வோம். சினங்கொள்பவர் அடுத்த மாதம் தேநீர்ச் செலவை ஏற்கட்டும்!

இச்சொற்பொழிவு மலரில் அச்சாகும் என்கிறார்கள். அச்சானதும் இதுவும் பிளேட்டோ அஞ்சியதுபோல் கேட்டால் வாய் திறவாத ஓவியம் ஆகிவிடும். ஆகவே, இதில் பிழை கண்டவர்கள் காலனியில் எங்கே கண்டாலும் நம்மை நிறுத்திக் கேட்குமாறு வேண்டுகிறோம். அறிஞரைப் போல மறுமொழி கூற முயல்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!