வேலை மாறும் வக்கீல்களும் ஒரு இன்ஜினீயரும்



"பம்ப் டிசைன் பண்றவனுக்கு வக்கீல்களைப் பத்தி என்ன தெரியும்?" என்று பின்வரிசையில் என் பழைய ரூம்மேட் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நான் வேலை மாற நினைத்தபோது கற்றுக்கொண்டதெல்லாம் வேலை மாறிய ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துத்தான்.

2018-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாக்குவம் பம்ப் கம்பெனியில் இருந்தேன். இன்னொரு கம்பெனி எங்களை வாங்கவிருந்தது. அமெரிக்காவில் பெரிய இணைப்பு என்றால், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். போட்டி குறையுமோ என்று அரசுக்குச் சந்தேகம் வந்தால் மூட்டை மூட்டையாகத் தஸ்தாவேஜு கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். அதைக் கவனிக்க வந்தவர்தான் அந்த மூத்த போட்டிச் சட்ட வக்கீல். "உங்கள் பம்பைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி பம்பை மாட்ட எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். பத்து வருஷம் ஃபீல்டில் இருந்தவர் கேட்கிற கேள்வி!

அதே சமயம் நான் வேறோர் இடத்துக்கு ரகசியமாக விண்ணப்பித்திருந்தேன். அங்கிருந்து போன் வந்தது. "உங்க கம்பெனி ஆட்களை நாங்க எடுக்கறதில்லை. ரெண்டு பக்கமும் ஒரு புரிதல்." அவ்வளவுதான்.

மனசு கேட்காமல், சாப்பாட்டு நேரத்தில் வக்கீலம்மாவிடம் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நான் உங்கள் கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு இல்லை. இதற்கு மேல் சொல்லாதீர்கள்." எனக்குக் கோபமான கோபம். 1981-இல் அப்ஜான் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஊழியரிடம் இப்படி எச்சரிப்பது அங்கே வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

இரண்டு வாரத்தில் அவரே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்! ஃபைல் பாதியில் நிற்கிறது. கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது: பழைய நிறுவனத்தோடு இருக்கலாம், அவரோடு போகலாம், வேறு யாரிடமும் போகலாம், முடிவு உங்களுடையது என்று. நாங்கள் அவரோடு போனோம்.

அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதி 5.6 இதற்கு வழி செய்கிறது. விலகிய வக்கீல் எங்கே தொழில் செய்யலாம் என்று கட்டிப்போடும் ஒப்பந்தம், ஓய்வூதியப் பலன் சம்பந்தப்பட்டது தவிர, கூடாது. காரணம், கட்சிக்காரருக்குத் தன் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. லண்டனில் இவ்வளவு தாராளம் இல்லை. மாதக்கணக்கில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வருமானத்தோடு வீட்டில் தோட்டம் பார்ப்பது அங்கே சகஜம்.

அதற்காக இவர்கள் நினைத்த இடத்துக்கெல்லாம் தாவிவிட முடியாது. புது நிறுவனம் முதலில் பார்ப்பது, இவருடைய கட்சிக்காரர்களும் தங்கள் கட்சிக்காரர்களும் எங்காவது மோதுகிறார்களா என்பதை. போட்டிச் சட்டத்தில் எதிராளி என்றாலே அதே தொழிலில் இருக்கிற இன்னொரு கம்பெனிதானே! அடுத்து, கூட எவ்வளவு வேலை வரும் என்ற கணக்கு. அங்கேதான் சிக்கல். இணைப்பு வேலை பெரும்பாலும் அதே நிறுவனத்துக் கம்பெனிச் சட்ட வக்கீல்கள் வழியாக வருவது. ஆளோடு வருமா, அங்கேயே தங்கிவிடுமா என்று யார் சொல்வது? அரசுத் துறையிலிருந்து வருபவர் என்றால், தான் நேரடியாகக் கையாண்ட விவகாரத்தில் அரசிடம் மறுதரப்புக்காகப் பேச ஆயுள் முழுக்கத் தடை.

சரி, நம் கதைக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் வேலை மாறுவதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872 முதலே செல்லாது. ஒப்பந்தத்தில் முடியாததைச் சில கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துச் சாதித்தன. ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி உள்ளிட்ட ஆறு கம்பெனிகள் மீது 2010-இல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. ஊழியர்கள் போட்ட வழக்கில் 2015-இல் இந்த நான்கும் 41.5 கோடி டாலருக்கு இறங்கிவந்தன. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் டெலிவரி ஹீரோ, க்ளோவோ இரண்டுக்கும் 32.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒருவர் ஆளை ஒருவர் எடுப்பதில்லை என்ற ஏற்பாடும் அதில் ஒரு குற்றம். எனக்கு போனில் சொன்ன அந்தப் 'புரிதல்' இதே ரகம்தான்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டிலும் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, விலகிய பிறகு வேலை செய்வதைத் தடுக்கும் ஷரத்துக்கு எதிரானது. ஆனால் பாண்ட் வேறு. மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற ஓர் அரசு வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. கேம்பஸ் இன்டர்வியூ சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் புகார் கொடுத்தேனா? இல்லை. போனில் சொன்னதற்கு என்ன சாட்சி, விசா என்னாகும் என்று பயந்தேன். ஒரு வருஷம் கழித்துச் சின்னக் கம்பெனி ஒன்றுக்குக் குறைந்த சம்பளத்தில் மாறினேன். அது இன்னும் உறுத்துகிறது.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "இப்போ நான் அங்கே இல்லை. அன்றைய கேள்விக்கு இப்போதாவது பதில் சொல்லுங்களேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவர்கள் இன்னும் என் கட்சிக்காரர்கள்தான். நல்ல வக்கீலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."